அழாத சாட்சி

ஓர் ஒப்பாளரின் கட்டைவிரல் படாமல் இந்த நாட்டில் ஒரு செய்தியும் வெளியே போகாது. மெய்மானி இயந்திரம் எவ்வளவு பெரிய புத்திசாலியாக இருந்தால் என்ன, கடைசியில் ஒரு மனித விரல் அந்தக் கண்ணாடிச் சில்லைத் தொட்டாக வேண்டும் என்பது சட்டம். கழுகாசலபுரம் மெய்ம்மை வாரியக் கிளையில் அந்த விரல் செண்பகவல்லியுடையது.

அன்று காலை அவள் டீயைக் குடித்து முடித்து நாற்காலியில் உட்கார்ந்ததும் திரையில் ஒரு செய்தி ஏறியது. ஒரு பள்ளிக்கூடத்தில் துப்பாக்கிச் சூடு. ஓர் ஆசிரியையும் மூன்று பிள்ளைகளும் இறந்துவிட்டார்கள். சுட்டவன் அதே பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மாணவன் ‘அ’. அவனும் அங்கேயே செத்துக் கிடக்கிறான். பக்கத்தில் துப்பாக்கி.

“ஐயோ, பச்சப் புள்ளைகளயில்லா சுட்டுருக்கான்!” என்று செண்பகவல்லி வாயில் கைவைத்தாள்.

எந்தப் பள்ளி, எந்த ஊர், ‘அ’ யார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. அதற்குப் பெயர் முகத்திரை. நம் ஆட்களிடம் ஒரு பெயரைச் சொன்னால் ஊர் எது என்பார்கள். ஊரைச் சொன்னால் தெரு எது என்பார்கள். தெரு தெரிந்துவிட்டால் தீர்ப்பும் முடிந்துவிடும். அதனால் ஒப்பாளருக்கு வரும் செய்தியில் பெயர் இருக்காது, ஊர் இருக்காது, முகங்கள் சாம்பல் பூசி இருக்கும், குரல்கள் தகரத்தில் தட்டினது போல ஒரே மாதிரி ஒலிக்கும். கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. கைபேசியை வாசலில் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

இத்தனை கெடுபிடிக்கும் காரணம் இருந்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று எவனோ வேலையற்றவன் கைபேசியில் கிளப்பிவிட, வழி கேட்க வண்டியை நிறுத்திய அப்பாவிகளை ஊரே கூடி அடித்துக் கொன்ற காலம் ஒன்று இருந்தது. அந்த வெட்கம் தாங்காமல்தான் மெய்மானியைக் கொண்டுவந்தார்கள். அது செய்தியின் சாட்சிகளை எல்லாம் கேட்டு, குரலையும் நாடியையும் அளந்து, நூற்றுக்கு இத்தனை என்று ஒரு மெய்யெண் போடும். எழுபதுக்கு மேலே போனால் ஊர்த்திரைகளில் ஓடும். கீழே இருந்தால் எந்தக் கைபேசிக்கும் போய்ச் சேராது. அது வந்த நாளிலிருந்து புரளியால் ஒரு சாவு இல்லை. செண்பகவல்லிக்கு அந்த இயந்திரத்தின் மேல் பக்தியே உண்டு.

இந்தச் செய்திக்கு மெய்மானி போட்டிருந்த எண் தொண்ணூற்று மூன்று. அவள் சாட்சிகளைப் பார்த்தாள். எதிரே டீக்கடை வைத்திருப்பவர், ‘அ’ துணியில் சுற்றிய நீளமான ஒன்றோடு வகுப்புக்கு ஓடியதைப் பார்த்திருந்தார். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. பெஞ்சுக்கு அடியில் ஒளிந்திருந்த பிள்ளைகள், கதவருகே ‘அ’ மட்டும்தான் நின்றான் என்றார்கள். கூடவே ஒரு படம், ஏதோ தெருமுனைப் பிறந்தநாள் ஃப்ளெக்ஸிலிருந்து எடுத்தது. முகம் சாம்பல். பின்னணியும் சட்டை நிறமும் துடைத்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது இரண்டு கைகளும், தோளில் ஏற்றிக் குறிபார்த்த ஒரு நீளத் துப்பாக்கியும்தான்.

ஒரே ஒரு மாற்றுச் சாட்சி இருந்தது. மாணவி ‘ஆ’. “அவன் சுடல… அவன்தான் கதவப் புடிச்சுட்டு நின்னான்…” என்று தகரக் குரல் விக்கியது. மெய்யெண் பதினொன்று. அழுகைக்கு ஒரு கழிவு, முதலில் சொன்னதும் பிறகு சொன்னதும் ஒட்டாததற்கு ஒரு கழிவு, ‘அ’வின் பெயரைச் சொல்லும்போது நாடி எகிறியதால் பற்றுக்கழிவு.

வேண்டுமானால் அந்தப் பெண்ணை மறுபடி விசாரிக்கச் சொல்லி அவள் செய்தியை நிறுத்தலாம். அதற்கு அரைநாள் ஆகும். மேலாளர் தளவாய் அதற்குள் தலையை நீட்டிவிட்டார்.

“என்னம்மா, மேல இருந்து கேக்காங்க. தொண்ணூத்தி மூணுக்கு இன்னும் என்னத்த யோசிக்கீங்க?”

“ஒண்ணுமில்ல சார். இந்தா போட்டுருதேன்.”

படத்தை இன்னொரு தடவை பார்த்தாள். அந்தக் கைகள் துப்பாக்கியை எவ்வளவு ஆசையாகப் பிடித்திருக்கின்றன! அவளுக்கு வயிறு எரிந்தது. “எந்த மகராசி பெத்து வளத்த லட்சணமோ,” என்று வாய்விட்டே சொல்லிவிட்டு விரலை வைத்தாள்.

வேலை முடிந்து வெளியே வந்து கைபேசியை எடுத்தால், அது அவள் கையிலேயே துடித்துக்கொண்டிருந்தது. புருஷன் உலகநாதனின் அழைப்புகள், அக்கம்பக்கத்தாரின் அழைப்புகள். எதையும் திறந்து பார்க்கும் முன்பே எதிரே பஸ் ஸ்டாண்டு ஊர்த்திரை கண்ணில் பட்டது. வெளியிட்ட செய்திக்கு முகத்திரை கிடையாது.

திரையில் அவள் மகன் கோமதிநாயகம் நின்றான். ஆடித்தபசுத் திருவிழாவில், பலூன் சுடுகிற கடையில், நீல நிறக் கட்டம் போட்ட சட்டையில், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல். எடுத்தவளே அவள்தான். “ஒத்தக் கண்ண மூடுல, அப்பத்தான் குறி தப்பாது,” என்று சொல்லிக்கொண்டே எடுத்தாள். பையனின் கூட்டாளிகள் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கி, அவன் பிறந்தநாளுக்கு ஃப்ளெக்ஸ் அடித்துத் தெருமுனையில் கட்டியிருந்தார்கள். படத்துக்குக் கீழே இப்போது ஓடியது: கொலைகார மாணவன், மெய்யெண் தொண்ணூற்று மூன்று.

செண்பகவல்லி நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

பிணவறை வாசலில் உலகநாதன் வேட்டி அவிழ்ந்தது தெரியாமல் நின்றிருந்தார். “பயலப் பாக்க விட மாட்டேங்கானுவ, செம்பா. மத்த புள்ளைகள எல்லாம் குடுத்துட்டானுவ. இவன எரிக்கிறதுக்கு நம்ம சுடுகாட்டுல எடமில்லங்கான் ஊர்க்காரன். கொண்டாந்தா பாடையக் கொளுத்துவோம்னு சொல்லுதான்.”

“போலீசு என்ன சொல்லுது?”

“என்னத்தச் சொல்லும்? சுட்டவன் செத்துட்டான், கேஸ் முடிஞ்சுங்கு.”

துப்பாக்கியில் ரேகை பார்த்து, தடயம் பார்த்து அறிக்கை வர மாதக்கணக்கு ஆகும். மெய்யெண் வரக் கால்மணி நேரம் போதும். தொண்ணூற்று மூன்று என்று ஊரெல்லாம் ஓடிய பிறகு எந்த இன்ஸ்பெக்டர் வேறு ஆளைத் தேடப் போகிறார்?

அவள் வாரியத்தின் முறையீட்டுச் சாளரத்துக்கு ஓடினாள். இத்தனை வருஷம் கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்தவள், முதல் தடவையாக வெளிப்பக்கம் நின்றாள். நாடிவளையை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, அது பலூன் துப்பாக்கி என்றாள், அந்தப் படத்தை எடுத்ததே நான் என்றாள், துணிக்குள் இருந்தது அவனுடைய சிலம்பக் கம்பு, அன்றைக்குப் போட்டி இருந்தது என்றாள். “எம்புள்ள அப்படிப்பட்ட பயலில்ல!” என்று கண்ணாடியில் அடித்தாள்.

“மெய்யெண் நான்கு,” என்றது இயந்திரத்தின் இனிமையான குரல். “சாட்சி, தாய். பற்றுக்கழிவு முழுமை.”

புதிதாக வரும் ஒப்பாளர்களுக்கு அவள்தான் பயிற்சி கொடுப்பாள். பெற்றவள் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளவே வேண்டாம் என்பதுதான் அவள் நடத்தும் முதல் பாடம்.

மாணவி ‘ஆ’ யார் என்று கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. நாயகத்தின் வகுப்பில் படிக்கும் ஜெசிந்தா. குண்டு உரசிய தோளில் கட்டோடு, வீட்டில் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். செண்பகவல்லியைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

“ஆன்ட்டி, சத்தம் கேட்டதும் அவன் ஓடியாந்தான். எங்க கிளாஸ் கதவுல தாழ்ப்பாள் கெடையாது. கம்ப ரெண்டு கைப்பிடிக்கும் நடுவுல சொருகிட்டு, முதுகக் குடுத்து நின்னுக்கிட்டான். ‘எல்லாரும் கீழ படுங்கல’ன்னு கத்துனான். வெளிய நின்னவன் கதவு வழியாவே சுட்டான் ஆன்ட்டி. நாயகம் விழுந்த பொறகும் கம்பு கதவத் தெறக்க விடல. கதவு ஒடஞ்சு சுட்டவன் உள்ள வந்தப்போ குண்டு தீந்துபோச்சு. துப்பாக்கிய நாயகம் மேலயே வீசிட்டுப் பின்பக்கமா ஓடிட்டான்.”

செண்பகவல்லி நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். மகன் எப்படிச் செத்தான் என்பதை அவள் அப்போதுதான் கேட்கிறாள். அது பெருமையா துக்கமா என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

“சுட்டது யாரும்மா?”

“தெரியல. மொகத்த மூடியிருந்தான்.”

அங்கேதான் சிக்கல். மெய்மானியின் வயிறு செண்பகவல்லிக்கு அத்துப்படி. யார் செய்தான் என்று சொல்லாத கதை அதற்குப் பிடிக்காது. அப்படிப்பட்ட சாட்சிக்கு வெற்றிடக்கழிவு உண்டு. தலைகீழாக நின்றாலும் அறுபதைத் தாண்டாது. அழுகையைச் சரிசெய்யலாம். பற்றைக்கூடச் சரிசெய்யலாம். இந்த ஓட்டையை எதைக்கொண்டு அடைப்பது?

முதலில் அழுகையைப் பார்த்தாள். “சமூக அறிவியல்ல பத்து மார்க் கேள்விக்கு எப்படிப் படிப்ப?”

ஜெசிந்தா விழித்தாள். “மனப்பாடம் பண்ணுவேன்.”

“அதே மாதிரிதான். நீ பாத்தத நான் வரி வரியாச் சொல்லுதேன். அர்த்தத்த நெனைக்காத. வரிய மட்டும் நெனை. நாயகம்னு பேரு சொல்லாத, ஒனக்குப் படபடப்பு வருது. ‘அந்த மாணவர்’னு சொல்லு.”

அந்தப் பெண் கெட்டிக்காரி. நம் பிள்ளைகளுக்கு இது கைவந்த கலைதானே? சாயங்காலத்துக்குள் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். அந்த மாணவர் கதவை மூடினார். அந்த மாணவர் முதுகைக் கொடுத்து நின்றார். முகத்தில் ஓர் அசைவு இல்லை. செண்பகவல்லிதான் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

பிறகு, மெல்லக் கேட்டாள். “அன்னைக்கு ஒங்க கிளாசுல வராத பய யாரு?”

“இசக்கிராஜா. காய்ச்சல்னு லீவு.”

“நாயகத்தோட சண்ட போட்டானே, சிலம்பத்துல தோத்துட்டு? அவனா?”

“ஆமா. ஆனா ஆன்ட்டி, அவன்னு நான் பாக்கலியே.”

“ஒசரம் அதே ஒசரம்தான?”

“இருக்கலாம். எனக்குத் தெரியாது. வேண்டாம் ஆன்ட்டி, பாவம்.”

“ஒனக்காகச் செத்தவன் அங்க ஐஸ்ல கெடக்கான். நாதியத்த பொணமா. அவன் பாவம் இல்லியா?” செண்பகவல்லி அந்தப் பதினேழு வயதுப் பெண்ணின் காலைப் பிடித்துக்கொண்டாள். “ஒரு வரிதாம்மா. ஒரே ஒரு வரி. அவனா இல்லன்னா போலீசு விசாரிச்சு விட்டுரும்.”

அதைச் சொல்லும்போது அவள் அதை நம்பினாள். நம்ப வேண்டியிருந்தது.

மறுநாள் ஜெசிந்தா சாளரத்தில் ஒப்பித்தாள். கடைசி வரியையும் சேர்த்து. எந்த ஊரிலோ எந்த ஒப்பாளரோ விரலை வைத்தார். மெய்யெண் தொண்ணூற்று ஆறு.

ஒரே நாளில் ஊர் தலைகீழாகத் திரும்பியது. பிணவறைக் கதவு திறந்தது. பாடையைக் கொளுத்துவேன் என்றவர்களே பாடைக்குத் தோள் கொடுத்தார்கள். சுடுகாட்டு வழியெல்லாம் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ். எல்லாவற்றிலும் அதே படம், அதே பலூன் துப்பாக்கி, அதே ஒற்றைக்கண் சிரிப்பு. உயிர்காத்த வீரன் என்று எழுதியிருந்தது. படத்தில் இருப்பது விளையாட்டுத் துப்பாக்கி என்று மெய்மானியே இப்போது உறுதியாகச் சொன்னது. டீக்கடைக்காரர் வந்து செண்பகவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டு, “எனக்கு அப்பவே தெரியும்மா, அவன் முகத்துலயே ஒரு களை,” என்று அழுதார். அவளுக்கு அவரை அறைய வேண்டும் போல இருந்தது.

சுடுகாட்டிலிருந்து கூட்டம் வீட்டுக்குத் திரும்பவில்லை. நேரே இசக்கிராஜாவின் வீட்டுக்குப் போனது. கதவை உடைத்தபோது அவன் போர்வைக்குள் கிடந்தான். காய்ச்சல் இன்னும் விட்டபாடில்லை. போலீஸ் வந்து சேர்வதற்குள் அவன் மண்டையும் விலாவும் உடைந்திருந்தன. பிழைத்தால் ஜெயில், இல்லையென்றால் சுடுகாடு என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே கூட்டம் பாயை விரித்துக் காவலிருந்தது. புரளிக் காலத்தில் அப்பாவிகளை அடித்தவர்களுக்குப் பிற்பாடு வெட்கமாவது வந்தது. இவர்களுக்கு எதற்கு வெட்கம்? கையில் தொண்ணூற்று ஆறு இருந்தது.

ஜெசிந்தா அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து வாயைத் திறக்கவில்லை. வீட்டார் அவளை எங்கோ சொந்தக்காரர்களிடம் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள்.

காரியம் முடிந்து செண்பகவல்லி வேலைக்குத் திரும்பினாள். தளவாய் எழுந்து நின்று வரவேற்றார். நாற்காலியில் உட்கார்ந்ததும் முதலில் ஏறியதே ஒரு முறையீடு. பெயர் இல்லை, ஊர் இல்லை. தகரக் குரல் ஒன்று பேசியது.

“அன்னைக்கு அவனுக்கு மேலு நெருப்பாக் கொதிச்சுச்சு. நாந்தான் தீப்பெட்டி ஆபீசுக்கு லீவு போட்டுட்டு ஈரத்துணி போட்டுக்கிட்டே இருந்தேன். எம்புள்ள அப்படிப்பட்ட பயலில்ல…”

சாட்சி, தாய். பற்றுக்கழிவு முழுமை. மெய்யெண் நான்கு. நிராகரிக்க விரலை வைக்கவும்.

முகத்திரை இந்த முறை அவளிடமிருந்து எதையும் மறைக்கவில்லை. விரல் எழும்பவில்லை. அந்த ஈரத்துணியை அவள் நம்பினாள். ஓர் எழுத்து விடாமல் நம்பினாள். எழுந்து, தளவாய் கூப்பிடக் கூப்பிட, சாளரத்தின் வெளிப்பக்கம் வந்தாள்.

அங்கே பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். விரல் நுனியெல்லாம் தீப்பெட்டி மருந்தின் கறை. இசக்கிராஜாவின் தாய் புஷ்பக்கனி. செண்பகவல்லி அவளைப் பார்க்காமல் நாடிவளையை மாட்டி, மாணவி ‘ஆ’வின் சாட்சியை மறுக்க வந்திருக்கிறேன் என்றாள்.

“இந்த வாக்குமூலம் எழுபதைத் தாண்டினால்,” என்றது இனிமையான குரல், “மாணவி அளித்த சாட்சி முழுவதும் நீங்கும். மாணவன் கோமதிநாயகம் குறித்த முந்தைய செய்தி மீண்டும் நடைமுறைக்கு வரும். தொடரலாமா?”

வாசலுக்கு வெளியே மின்கம்பத்தில் அவள் மகன் ஒற்றைக் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தான். இனி அவன் மறுபடியும் கொலைகாரன். அவனைச் சுமந்த தோள்களே அவன் படத்தைக் கிழித்துச் சாக்கடையில் போடும்.

“தொடரு,” என்றாள்.

சொன்னாள். எம்மவன் கதவை அடைத்தது நிஜம். அந்தப் பெண் முகத்தைப் பார்க்கவில்லை. இசக்கிராஜா என்று சொல்லவைத்தது நான். காலைப் பிடித்து, அழாமல் வரி வரியாக மனப்பாடம் பண்ணச் சொல்லிக்கொடுத்து, சொல்லவைத்தேன். அவன் செய்தானா இல்லையா என்று எனக்கும் தெரியாது. பாதியிலேயே குரல் உடைந்து, மீதியை அழுதுகொண்டே சொன்னாள்.

“மெய்யெண் நான்கு. சாட்சி, தாய். சாட்சி அழுகிறார். பிள்ளையை இழந்த தாய்மார் துயரத்தில் தம்மேலேயே பழியைப் போட்டுக்கொள்வது பரவலாகக் காணப்படுவது. தங்களுக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்.”

செண்பகவல்லி கண்ணாடியை வெறித்தாள். பொய்க்குத் தொண்ணூற்று ஆறு வாங்கத் தெரிந்தவளுக்கு, இப்போது ஐந்துகூடக் கிடைக்கவில்லை.

பின்னாலிருந்து ஒரு கை அவள் தோளைப் பிடித்துத் திருப்பியது. புஷ்பக்கனி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அறையப் போகிறாள் என்று செண்பகவல்லி கன்னத்தைக் கொடுத்து நின்றாள். அறைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

புஷ்பக்கனி தன் சேலைத் தலைப்பை எடுத்து அவள் கண்ணை அழுத்தித் துடைத்தாள். “அழாதடி,” என்றாள். “நீ அழுதா எம்புள்ள செத்துப் போவான். அந்தப் புள்ளைக்குச் சொல்லிக் குடுத்தியாமே, அதே மாதிரி நீயும் மனப்பாடம் பண்ணு. சொல்லு.”

இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். செண்பகவல்லி அர்த்தத்தை நினைக்காமல் வரியை மட்டும் நினைத்துக்கொண்டு தொடங்கினாள். அந்த மாணவர் கதவை மூடினார். அந்த மாணவர் முதுகைக் கொடுத்து நின்றார். அங்கே குரல் நடுங்கியது.

“மறுபடியும்,” என்றாள் புஷ்பக்கனி.